சி16 எம்சிபி: டிரிப் ஆகுது, அது நல்லதுதான், 4 ஸ்டார்

இந்த 16 ஆம்பியர் சிங்கிள் போல் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல போனா தானா டிரிப் ஆகி, அதாவது விழுந்து, லைன கட் பண்ற சுவிட்ச்) வாங்குறதுக்கு முன்னாடி இதுக்கு வந்திருந்த ரிவ்யூ எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். ஒரு ஸ்டார் குடுத்த நிறைய பேர் சொல்ற குறை ஒண்ணுதான், அடிக்கடி டிரிப் ஆகுது, கழட்டிட்டு 32 போட்டேன், இப்ப பிரச்சனையே இல்லன்னு. படிக்கப் படிக்க எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா இதே வேலைய எங்க வீட்லயும் ஒருத்தர் செஞ்சு வச்சிட்டுப் போயி, அது தெரியாமயே நாங்க ரொம்ப நாள் இருந்தோம். அதனால பொருளப் பத்தி சொல்றதோட அதையும் சேத்தே எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க வீட்ல வாட்டர் ஹீட்டர், வாஷிங் மிஷின், அயர்ன் பாக்ஸ் சொருகுற சாக்கெட் எல்லாமே ஒரே லைன். பழைய எம்சிபி 16 தான். காலைல எல்லாரும் கிளம்புற நேரம் பாத்து விழுந்து விழுந்து வெறுத்துப்போயி ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டோம், அவர் வந்தார், 16 ஐ கழட்டினார், 32 மாட்டினார், இனிமே விழாதுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சொன்ன மாதிரியே விழல. அப்புறம் ஒரு நாள் அந்த சாக்கெட் பக்கம் பிளாஸ்டிக் கருகுற வாடை. மெயின ஆஃப் பண்ணிட்டு பிளேட்ட கழட்டிப் பாத்தா, சிவப்பு வயர் ஸ்குரூவுல இருந்து ரெண்டு விரல்கடை தூரத்துக்கு பழுப்பா மாறிக் கிடக்குது, லேசா வளைச்சதும் மேல் உறை காஞ்ச சருகு மாதிரி நொறுங்கி கையோட வருது, உள்ள செம்பு கறுத்துப்போயிருக்கு. அது ஒரு 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். அதுக்கு காவலுக்கு நின்னது 32 ஆம்பியர் எம்சிபி.

எம்சிபி எத்தனை ஆம்பியர் போடலாம்னு சொல்றது சுவத்துக்குள்ள இருக்கிற வயர்தான். வயரிங்குக்கான சர்வதேச விதி ஐஇசி 60364 ஐ ரொம்ப சுருக்கமா சொன்னா, லோடு இழுக்கிற கரண்ட விட எம்சிபி ரேட்டிங் குறையக்கூடாது, வயர் தாங்குற கரண்ட விட எம்சிபி ரேட்டிங் கூடக்கூடாது. நடுவுல உக்காரணும். லோடு பெருசாயிடுச்சுன்னா முதல்ல வயர மாத்தணும், அப்புறம்தான் எம்சிபி. அமெரிக்காவோட வயரிங் விதியான என்ஈசியில இத கணக்கு போடக்கூட விடாம நேராவே எழுதி வச்சிருக்காங்க, செம்பு வயர்ல (அங்க கேஜ் நம்பர் குறையக் குறைய வயர் தடிமன்) 14 கேஜுக்கு 15 ஆம்பியர், 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30, மோட்டார் மாதிரி சில தனி விஷயங்கள தவிர அதுக்கு மேல கிடையாது.

சரி, 2.5 வயர் எவ்வளவு தாங்கும்? இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பிவிசி உறை போட்ட செம்பு வயர், பைப்புக்குள்ள, சுத்தி 30 டிகிரி, அந்தப் பைப்புல ஒரே ஒரு சர்க்யூட் மட்டும்னா டேபிள்ல 24 ஆம்பியர்னு இருக்கும். அத பாத்துட்டு 20 போடலாமேன்னு தோணும். ஆனா வெயில் காலத்துல சுவர் 40 டிகிரி இருந்தா 0.87 ஆல பெருக்கணும், அதே பைப்புல இன்னொரு சர்க்யூட்டும் போச்சுன்னா 0.8 ஆல பெருக்கணும். 24 இப்ப 16.7 ஆயிடுச்சு. 16 தான் போட முடியும், 20 கூட தப்பு. மூணு சர்க்யூட்னா 0.7, அப்ப 14.6 தான் வருது, 16 ஏ அதிகம்! ஒரே பைப்புல எல்லாத்தையும் திணிக்கிறது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்கு இந்தக் கணக்கு போட்டப்பதான் உறைச்சுது.

இப்ப பொருளுக்கு வரேன். முகப்புல சி16ன்னு இருக்கு, ஒரு கட்டத்துக்குள்ள 6000, அதுக்குக் கீழ சின்ன சதுரத்துல 3. 6000ங்கிறது ஷார்ட் ஆகுறப்ப 6000 ஆம்பியர் வரைக்கும் வெட்டி விடும்ங்கிறது, 3 ங்கிறது அப்படி வெட்டுற வரைக்கும் உள்ள பாயுற எனர்ஜிய நல்லா அடக்கி வைக்கும்ங்கிற கிளாஸ். இதுல நெறைய பேருக்கு தெரியாத விஷயம், 16ன்னு போட்டிருந்தா 16.1 ல விழுந்துடாது. எம்சிபிக்கான விதி ஐஇசி 60898 படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் போனா ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது, 1.45 மடங்கு, அதாவது 23.2 போனா ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தே ஆகணும். உள்ள ரெண்டு உலோகம் ஒட்டின தகடு ஒண்ணு சூடாகி வளைஞ்சுதான் இத செய்யுது, அதனால அதுக்கு நேரம் எடுக்கும். இதே கணக்க 32 க்கு போட்டுப் பாருங்க, 36 ஆம்பியர் வரைக்கும் அது அசையக்கூடாது!

மாட்டினதும் கிளாம்ப் மீட்டர் (வயர சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்குற மீட்டர்) வச்சுப் பாத்தேன். 3000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர், தண்ணி சூடு பண்ற நேரத்துல வாஷிங் மிஷின் கிட்டத்தட்ட 9, அயர்ன் பாக்ஸ் 4 சொச்சம், மூணும் சேந்து 26. சில நிமிஷத்துல டப்புன்னு விழுந்துச்சு. உடனே தூக்கினா நிக்கல, தகடு ஆறினப்புறம்தான் நின்னுச்சு, அது சரியான நடத்தை, பழுதுன்னு நினைச்சுக்காதீங்க. லீவர விரலால அழுத்திப் பிடிச்சாலும் உள்ள கட் ஆயிடும், அப்படித்தான் செய்யணும்னு விதியே இருக்கு. இதே 26 ஆம்பியர் அந்த 32 ல தெனமும் காலைல ஓடியிருக்கு, வயருக்குத் தாங்குற அளவு 16.7, சூடு கரண்ட்டோட வர்க்கத்துக்கு ஏறும், அப்ப வயர் பட்ட சூடு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. பிவிசி உறை தொடர்ந்து தாங்குறது 70 டிகிரிதான். நாங்க தூங்குற ரூம் சுவத்துக்குள்ளதான் அந்த வயர் போகுது, நினைச்சா இப்பவும் படபடன்னு வருது.

ஒரு ரிவ்யூல டி டைப் வாங்குங்க, விழாதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். தயவுசெஞ்சு கேக்காதீங்க. பி, சி, டிங்கிறது ஷார்ட் ஆகுறப்ப ரேட்டிங்கப் போல எத்தனை மடங்கு கரண்ட்ல உடனே விழும்ங்கிறதுதான், பி 3 ல இருந்து 5 மடங்கு, சி 5 ல இருந்து 10, டி 10 ல இருந்து 20. நம்ம பிரச்சனை ஓவர்லோடு, அதுக்கு மூணும் ஒண்ணுதான், டி போட்டாலும் அதே நேரத்துலதான் விழும். ஆனா ஷார்ட் ஆனா சி16 க்கு 160 ஆம்பியர் போதும், டி16 க்கு 320 வேணும், நீளமா ஓடுற வயர்ல அவ்வளவு கரண்ட் வராமயே போயிடலாம்.

நான் கடைசியா என்ன பண்ணேன்னா, கருகின வயர முழுசா உருவிட்டு புதுசு இழுத்து இந்த சி16 ஐ போட்டேன், ஹீட்டருக்கு மட்டும் தனிப் பைப்புல 4 ஸ்கொயர் எம்எம் வயர், அதுக்கு தனியா ஒரு எம்சிபி. வேற ஆள் வந்துதான் செஞ்சார், அவர் வந்ததும் முதல் கேள்வியே உள்ள என்ன வயர்ங்கனுதான். அந்த லைன்ல எங்கயாவது 1.5 வயர்ல கிளை பிரியுதான்னு ஒவ்வொரு பாக்ஸா திறந்து பாத்தார், ஏன்னா இருக்கிறதுலயே மெல்லிசான வயருக்குத்தான் எம்சிபி பாக்கணும். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட விழல.

இன்னொண்ணு, இது மனுஷனுக்கு ஷாக் அடிக்கிறத தடுக்காது, அதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) தனியா வேணும், இத வாங்கிட்டு அதுவும் ஆச்சுன்னு விட்டுடாதீங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, டெர்மினல் ஸ்குரூ எவ்வளவு டைட் பண்ணணும்ங்கிற அளவு பாடியில எங்கயும் இல்ல, அட்டையில பொடி எழுத்துல இருக்கு, அத எல்லாரும் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் ஸ்குரூவ முழுசா திறக்காம வயர சொருகினா கிளாம்புக்குப் பின்னாடி போயி நின்னுக்குது, டைட் ஆன மாதிரியே தெரியும், இழுத்தா கையோட வந்துடும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆச்சு. லூஸா இருந்தா அந்த இடமே சூடாகி எம்சிபி காரணமே இல்லாம விழும், வயரும் கருகும். மாட்டினதும் ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு கவர மூடுங்க.