15 குதிரைவலு இஞ்சினுக்கு மலிவுக் காபரேற்றர் கிட்: எதைப் போடலாம், எதை எறியலாம்

வாடை ஓய்ந்து, மாதக்கணக்கில் கரையில் கிடந்த பைபர் போட்டைக் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் இறக்கும்போதுதான் இஞ்சின் தன் குணத்தைக் காட்டும். கயிற்றை இழுத்தால் பிடிக்கும். சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடும். காரணம் புதிதல்ல. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் விட்டுவைத்த கலவையில் பெற்றோல் ஆவியாகி, டூ ஸ்ட்ரோக் ஒயில் பாகுபோல் மிஞ்சி, மெதுவோட்டத்துக்கு எரிபொருள் விடும் பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளையை அடைத்திருக்கும்.

உடனே கடைக்குப் போனால் இரண்டு வகைக் கிட் காட்டுவார்கள்: கம்பனி கிட், அதன் விலையில் ஒரு பங்குக்கு வரும் பெயரில்லாத கிட். இங்கே பார்ப்பது யமஹா 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக்குக்கு என்று விற்கப்படும் இரண்டாவது வகையை. உள்ளே கிண்ணக் காஸ்கட், கிண்ணம் நிரம்பியதும் எரிபொருளை நிறுத்தும் ஊசி வால்வு, எரிபொருளை அளந்துவிடும் இரண்டு ஜெட், ஓ-ரிங்குகள், வடிகால் ஸ்குரூவுக்கு ஒரு வாசர்.

காஸ்கட்டில் குறை இல்லை. ஓர் இரவு பெற்றோலில் ஊறியும் உப்பவில்லை, பள்ளத்தில் சரியாக அமர்கிறது. ஓ-ரிங்கும் வாசரும் அப்படியே.

ஊசி வால்வு தேறவில்லை. காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, மிதவை தன் பாரத்தால் ஊசியை அழுத்த, எரிபொருள் குழாய் வழியே வாயால் ஊதினால் காற்றுப் போகக்கூடாது. இதில் போகிறது. அப்படியே பூட்டினால் கிண்ணம் நிரம்பி வழியும், பிளக் நனையும், பெற்றோல் கடலில் மிதக்கும். ஊசியைக் கம்பனிச் சாமானாகவே தனியே வாங்குங்கள்.

ஜெட்டுகளை எறிந்துவிடலாம். இலக்கமே பொறிக்கவில்லை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளையின் ஓரம் பிசிறாகத் தெரிகிறது. துளை சிறுத்தால் காற்றுக் கூடி எரிபொருள் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் ஒயிலும் எரிபொருளோடுதான் வருகிறது என்பதால், முழு வேகத்தில் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். துளை பெருத்தால் பிளக் கரி கட்டும். பழைய பித்தளை ஜெட் தேயாமல் இருந்தால் அதைக் கழுவிப் போடுவதே மேல்.

கழுவுவதிலும் விஷயம் இருக்கிறது. கிண்ண ஸ்குரூக்களின் தலை ஜப்பான் அளவு. சாதாரண நட்சத்திர ஸ்குரூட்ரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். உப்புப் பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் ஒயில் விட்டு ஓர் இரவு விடவும். மெதுவோட்டக் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்குரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைக்கவும். அடியில் முட்டியபின் இறுக்கினால் கூர்நுனி நசுங்கும். ரப்பரையும் பிளாஸ்டிக் மிதவையையும் கழற்றாமல் காபரேற்றர் உடலைக் கழுவும் மருந்தில் போடாதீர்கள். ஜெட்டுக்குள் கம்பி விடவே கூடாது, பித்தளை மெது. மெல்லிய தங்கூசி (நைலோன் மீன்பிடி) நூலில் ஒரு துண்டு போதும். அது நம் கரையில் எங்கே இல்லை!

பிறகு பைலட் ஸ்குரூவின் துளையில் கழுவும் ஸ்ப்ரேயின் குழாயை வைத்து அடித்து, வேகம் கூட்டும் காற்றுக் கதவின் விளிம்பருகே பாருங்கள். ஊசி முனைபோன்ற துளைகள் வழியே நூல் நூலாய்ப் பீறிட வேண்டும். ஒன்றிலாவது வராவிட்டால் வேலை முடியவில்லை. பலர் பிரதான ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு மூடிவிடுவதால்தான் ஒரு கிழமையில் திரும்பவும் அதே இழவு. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், எதிர்ப்பக்கத் துளையால் தெறிக்கும்.

கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூள் இருந்தால் அது அலுமினியத்தை உப்புத் தண்ணீர் அரித்தது. தண்ணீர் டாங்கியிலிருந்துதான் வருகிறது. டாங்கியைக் கழுவி, வழி ஃபில்டரையும் மாற்றாமல் எந்தக் கிட் போட்டும் பயனில்லை.

மண்ணெண்ணெய் இஞ்சின் வைத்திருப்போருக்கு வேறொரு பழக்கமும் வேண்டும்: கரைக்கு வருமுன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி, கிண்ணத்தில் பெற்றோலை நிற்கவிட்டு அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த விடியலில் கயிறு இழுத்தே தோள் போகும்.

மொத்தத்தில் இந்த மலிவுக் கிட்டை காஸ்கட் பொதி என்று நினைத்து வாங்கலாம். அந்த விலைக்கு அது நியாயம். கம்பனி ஊசியும் சேர்ந்தால் முழுக் கம்பனிக் கிட்டைவிடக் குறைவாகவே முடியும். புது வாசரைப் போட்டு வடிகால் ஸ்குரூவை இறுக்குங்கள். ஐப்பசியில் போட்டைக் கரையேற்றும் அன்று அதே ஸ்குரூவைக் கழற்றிக் கிண்ணத்தைச் சொட்டில்லாமல் வடித்துவிடுங்கள்.