சிங்கப்பூரில் ஒரே நாள்: கார்டன்ஸ் பை த பேயா, செந்தோசாவா?

பாட்டி முதல் பேரன் வரை கிளம்பும் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் வரும்: பெரிய பூங்காவான கார்டன்ஸா, கடற்கரைத் தீவான செந்தோசாவா?

செலவு: கார்டன்ஸில் வெளித்தோட்டம் இலவசம், கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட். செந்தோசாவில் கடற்கரை இலவசம். அங்குள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா பக்கம் திரும்பினால் பர்ஸ் காலி.

வெயில்: கார்டன்ஸின் கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடத்துக்குள் 35 மீட்டர் அருவி, உள்ளே நுழைந்ததும் சாரல் முகத்தில் அடிக்கும், பாட்டிக்கு சால்வை எடுங்கள். செந்தோசா மணலில் மதியம் கால் வைக்க முடியாது.

போக: கார்டன்ஸ் வாசலுக்கே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்). செந்தோசாவுக்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கி, விவோசிட்டி மாலிலிருந்து மோனோரயில், அல்லது நடைபாலம்.

இரவு: கார்டன்ஸில் சூப்பர்ட்ரீ என்னும் மர வடிவக் கோபுரங்களின் ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும், காசில்லாமல். மல்லாந்து படுத்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது.

வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் கார்டன்ஸ். ஓடியாடும் பிள்ளைகள் மட்டும் என்றால் செந்தோசா, காலையிலேயே கிளம்பி, மாற்றுத்துணியோடு.