ஒரே எண்ணா, இரண்டு எண்களா? டெல்டா கிராமத்துக்கு எந்தக் கைபேசி இணைப்பு பொருந்தும்

வலங்கைமான், நீடாமங்கலம், கொரடாச்சேரி சுற்றுவட்டாரத்தில் வயலோடு ஒட்டிய ஊர்களில் வசிப்பவர்களுக்குக் கைபேசி இணைப்பில் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, தினம் 2 ஜிபிக்குக் குறையாத பெரிய பேக்கைப் போட்டு, கிடைக்கும் இடத்தில் எல்லையற்ற 5ஜியையும் அனுபவிப்பது ஒரு வழி. டேட்டாவுக்கு ஓர் எண், பேச்சுக்கும் ஓடிபிக்கும் வேறு நிறுவனத்தின் மற்றோர் எண் என்று பிரித்துக்கொள்வது மற்றொரு வழி. நான் முதல் வழியில் இருந்து இரண்டாவதற்கு மாறி, அதிலேயே நிலைத்துவிட்டேன். அலைவரிசையையும் சிக்னல் அளவையும் கைபேசிச் செயலியில் குறித்துப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பொழுதுபோக்கு என்பதால், ஏன் மாறினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல முடியும்.

விலையை முதலில் முடித்துவிடலாம். 2024 ஜூலை 3ஆம் தேதி ஜியோவும் ஏர்டெலும், மறுநாள் வியும் (வோடஃபோன் ஐடியா) கட்டணத்தை உயர்த்தின. எல்லையற்ற 5ஜி தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு மட்டும் என்று ஆனதும் அப்போதுதான். அந்த உயர்வுக்குப் பிந்தைய விலைப்படி ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் ஆண்டு பேக் 3,599 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஜியோவின் 349 ரூபாய் பேக்கை 28 நாளுக்கு ஒருமுறை போட்டால் ஆண்டுக்கு 13 முறை, அதாவது 4,537 ரூபாய் ஆகிறது. மாதம் என்று நினைத்துப் போடுவது உண்மையில் நான்கு வாரம்தான் என்பதால் இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. மொத்தமாகக் கட்ட முடிந்தவர்கள் ஆண்டு பேக் போடுவதே நல்லது. அறுவடை முடிந்து கொள்முதல் பணம் கைக்கு வரும் வேளையை இதற்கு ஒதுக்கிக்கொள்ளும் குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு.

இரண்டாவது எண்ணுக்கான செலவு 2025 ஜனவரிக்குப் பிறகு தெளிவாகிவிட்டது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக்கை நிறுவனங்கள் தந்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அதன்படி வந்தவற்றில் ஏர்டெலின் 1,849 ரூபாய் பேக் 365 நாளுக்கும், ஜியோவின் 1,748 ரூபாய் பேக் 336 நாளுக்கும் செல்லும். இரண்டுமே நாளுக்கு ஐந்து ரூபாயை ஒட்டியவை. பிஎஸ்என்எல்லின் 1,999 ரூபாய் பேக் ஓராண்டுக்கு 600 ஜிபி டேட்டாவையும் சேர்த்துத் தந்ததால், நாளுக்கு ஐம்பது காசுக்குள் கூடுதலாகப் போனாலும் மதிப்பு அதிகம் என்று கருதினேன். ஆக, முதல் வழிக்கு 3,599 ரூபாய் என்றால் இரண்டாவது வழிக்கு ஏறத்தாழ 5,500 ரூபாய் ஆகும். பேக்குகளின் விலையும் நாள்கணக்கும் அடிக்கடி மாறுவதால், போடும் அன்று கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம். கூடுதலாகப் போகும் அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

வேகம் கிடைப்பதில்லை. வேகத்துக்காக இரண்டாவது எண் வாங்குவது வீண். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை நகரங்களுக்குள் 5ஜி எடுக்கும் கைபேசிக்கு ஒரே எண்ணில் வரும் வேகமே வீட்டுத் தேவைக்கு மிஞ்சியது.

வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் எது வந்து சேர்கிறது என்பது வேறு விஷயம். அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது தொலைவுக்குப் போகும். சுவரையும் தோப்பையும் ஊடுருவும். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. அதன் 5ஜிக்கு 700, 3300 இரண்டும் உண்டு. ஏர்டெல் 2021 ஏலத்துக்குப் பின் நாடு முழுவதும் 1,000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழும் தனக்கு அலைவரிசை இருப்பதாக அறிவித்தது. பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100 இரண்டிலும் வருகிறது. எங்கள் பழைய ஓட்டு வீட்டின் ரேழியில் நின்று ஒரே எண்ணின் சிக்னல் அளவைப் பார்த்தால், 2300இல் மைனஸ் 118 என்று அறுந்துவிடும் நிலையில் இருப்பது, 850க்கு மாறியதும் மைனஸ் 97க்கு வந்து பேச்சு தெளிவாகிறது. சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது என்று இந்த அளவைப் படிக்க வேண்டும். திண்ணையில் இறங்கி நின்றால் இந்த வேறுபாடே தெரியாது. தென்னந்தோப்பு அடர்ந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இதே வேறுபாட்டைத் தோப்புக்குள் நின்று பார்க்கலாம்.

சமதரையான டெல்டாவில் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இடையில் குன்றோ மேடோ இல்லாததால், தாழ்ந்த அலைவரிசை வெட்டவெளியில் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள டவரிலிருந்துகூட வந்துவிடுகிறது. கைபேசியில் கோடுகள் நிறைந்து தெரியும்; ஆனால் அந்த ஒரு டவரைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொள்வதால் மாலை ஏழு மணிக்கு மேல் காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும். கோடுகளை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குத் தீர்மானமாக அமைந்தது மின்சாரம் போன பிறகு எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். வடகிழக்குப் பருவமழையை நம்பியும் அஞ்சியும் வாழும் பகுதி இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. கைபேசி டவர் என்பது மின்சாரம் இல்லாவிட்டால் பேட்டரியில் சில மணி நேரமும், அதன் பிறகு டீசல் இயந்திரத்திலும் ஓடுவது. சாலையில் மரம் விழுந்தோ வாய்க்கால் உடைந்தோ கிடந்தால் டீசல் கொண்டுவரும் வண்டி வராது; டவர் சாயாமல் நின்றாலும் சேவை நின்றுவிடும்.

புயல் வரும்வரை காத்திருந்து இதைச் சோதிக்க வேண்டியதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இதற்கு மிகப் பொருத்தமானது. நாளும் நேரமும் செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. காலையில் மின்சாரம் நின்ற பிறகு இரண்டு எண்களின் அலைவரிசையையும் செயலியில் கவனித்துக்கொண்டே இருந்தால், எங்கள் ஊரில் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான். முதலில் 5ஜி அடையாளம் மறைகிறது; பேட்டரியை மிச்சப்படுத்த அதிக மின்சாரம் உண்ணும் கருவிகளை முதலில் நிறுத்திவிடுவதால் இருக்கும் என்று எண்ணுகிறேன். பிறகு உயர்ந்த அலைவரிசைகள் போகின்றன. நண்பகலை ஒட்டி ஓர் எண் தாழ்ந்த அலைவரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றோர் எண் 'சேவை இல்லை' என்று காட்டிவிடுகிறது. எந்த நிறுவனம் விழுந்தது என்று இங்கே பெயர் சொல்வது பயன்தராது. நான்கு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில் அதுவே நின்று மற்றது விழக்கூடும். நிறுவனத்தின் குணத்தைவிட அந்தந்த டவரின் பேட்டரியும், அதைப் பராமரிப்பவரின் அக்கறையும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

இரண்டு எண் வைத்திருப்பவர்களில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதற்கு அடுத்தது. நிறுவனத்தின் பெயர் வேறாக இருப்பதால் டவரும் வேறு என்று ஆகிவிடாது. இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் கோபுரங்களில் ஏர்டெலும் வியும் முதன்மை வாடிக்கையாளர்கள். ஒரே கோபுரத்தில், ஒரே வளாகத்தின் மின்சாரத்தில் இரண்டும் இயங்குவது மிகச் சாதாரணம். ஜியோ பெரும்பாலும் வேறு கோபுரங்களில் இருந்தாலும் அங்கும் பங்கீடு உண்டு. ஒரே கோபுரத்தைச் சேர்ந்த இரண்டு எண்களை வைத்துக்கொள்வது, ஒரே வாய்க்காலில் இரண்டு மடை வெட்டிவிட்டு, வாய்க்கால் வற்றியதும் இரண்டு வயலும் காய்கிறதே என்று கலங்குவதைப் போன்றது.

ஆகவே இரண்டாவது எண் வாங்கும் முன் டவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள டவர்களையும், ஒவ்வொன்றிலும் எந்தெந்த நிறுவனங்கள் இருக்கின்றன என்பதையும் வரைபடமாகப் பார்க்கலாம். நிறுவனங்கள் தம் தளங்களில் இட்டிருக்கும் சேவைப் பரப்பு வரைபடத்தைவிட எனக்கு இதுவே அதிகம் உதவியது. பக்கத்துத் தெருவில் அந்த எண் வைத்திருப்பவரிடம் "கரண்ட் போனா உங்க போன்ல எவ்வளவு நேரம் டவர் இருக்கு?" என்று கேட்பது அதைவிடவும் உதவும்.

நான் இரண்டாவதாக பிஎஸ்என்எல்லை எடுத்துக்கொண்டதும் இந்தக் காரணத்தால்தான். எங்களுக்கு அருகிலுள்ள அதன் டவர் பழைய தொலைபேசி நிலைய வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. தரைவழித் தொலைபேசிக்காக 48 வோல்ட் பேட்டரி வரிசையும் டீசல் இயந்திரமும் வைத்து நடத்தப்பட்ட இடம் அது. பராமரிப்பு மின்தடை நாளில் மாலை வரை அது விழுந்து நான் பார்த்ததில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன். வயல் நடுவே தனியாக நிற்கும் டவர்களில் என் அனுபவம் குறைவு. டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் ஆகியவற்றின் உள்நாட்டுக் கருவிகளைக் கொண்ட பிஎஸ்என்எல் 4ஜி சேவை 2025 செப்டம்பரில்தான் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. டேட்டாவில் அதை நான் நெடுநாள் சோதிக்கவில்லை என்பதால், முதல் எண்ணாக அதை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. வியைக் கும்பகோணத்துக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன்; அங்கு நன்றாக இருந்தது.

பம்புசெட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர்களில் பழையவை பெரும்பாலும் 2ஜி சிம்மில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றுக்கும் உண்டு. பழைய பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதே கணக்குத்தான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, எந்தத் தலைமுறைச் சிம் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு எண் வாங்குங்கள். மும்முனை மின்சாரம் வந்திருக்கும் நேரத்தில் மோட்டார் கிளம்பாமல் போனால், குறுவைப் பயிருக்கு ஒரு தண்ணீர் தவறிவிடும்.

ஒரே எண் யாருக்குப் போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரத்துக்குள் குடியிருப்பவர், வீட்டில் ஃபைபர் இணைப்பும் அதற்கு ஒரு யுபிஎஸ்ஸும் உள்ளவர், வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்கெனவே வேறு டவரைச் சேர்ந்த எண்களை வைத்திருப்பவர், இவர்களுக்கு இரண்டாவது எண் வீண் செலவு. நான்கு பேர் உள்ள வீட்டில் நால்வரும் ஒரே நிறுவனத்தில் இருப்பதைக் காட்டிலும், ஒருவர் மட்டும் மாறிக்கொள்வது செலவே இல்லாத காப்பு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நின்றுபோனபோது தமிழ்நாட்டில் குடும்பம் குடும்பமாக அதே எண்ணில் இருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

சேவை தடைபட்டால் இழப்பீடு கிடைக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். டிராயின் 2024ஆம் ஆண்டுத் தர விதிகளில், மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் தடைபட்டால் ப்ரீபெய்டுக்காரர்களுக்கு நாள் நீட்டிப்பு உண்டு என்பது உண்மை. இயற்கைப் பேரிடரால் ஆன தடைக்கு அது பொருந்தாது என்பதால் நமக்கு மிகவும் தேவைப்படும் வேளையில் அது உதவாது.

இரண்டு எண்கள் ஆனபின் வங்கி, ஆதார், உழவர் பதிவு ஆகியவற்றை எந்த எண்ணில் வைப்பது என்ற கேள்வி வரும். மின்தடையில் கடைசி வரை நிற்கும் எண்ணிலேயே வையுங்கள். நேரடி கொள்முதல் நிலையப் பதிவுக்கான ஓடிபி குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அதற்கு டேட்டா வேண்டாம், டவர் இருந்தால் போதும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுவதானால், PORT என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், சிம்மைப் புதிதாக மாற்றியிருந்தால் ஏழு நாள் கழிந்திருக்க வேண்டும். மாறிய இடம் ஒத்துவராவிட்டால் மறுபடி வெளியேறவும் அதே 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், மாறுவதை ஆனிக்குள்ளேயே செய்துவிடுங்கள். அப்போதுதான் ஐப்பசி மழை தொடங்கும் முன் இரண்டு மூன்று பராமரிப்பு மின்தடைகளில் புதிய டவரைச் சோதித்துப் பார்க்கவும், தேவையானால் திரும்பவும் நேரம் இருக்கும்.