அப்போலோ 13, 4கே டிஸ்க்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

ரான் ஹோவர்டு இயக்கிய படங்களில் ஒன்றுக்குத்தான் அலமாரியில் இடம் என்றால், 2017-ல் யுனிவர்சல் வெளியிட்ட இந்த 4கே டிஸ்க்கை எடுங்கள். இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்துக்கு. 1970-ல் நிலவுக்குப் போகும் வழியில் வெடிப்பு நேர்ந்த விண்கலத்தின் வீரர்களை நாசா பூமிக்கு மீட்ட உண்மைக் கதைதான் ‘அப்போலோ 13’ (1995). அது படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் மட்டும் ஆஸ்கர் வாங்கியது. இயக்குநர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. ஆனாலும் அவர் எங்கே தொழில் படித்தார் என்பது இதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

ஆறு வயதில் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ டிவி தொடரில் ஓப்பி என்ற சிறுவனாக நுழைந்தவர். 1960 முதல் 1968 வரை எட்டு சீசன். 1974-ல் இன்னொரு டிவி தொடர், ‘ஹாப்பி டேஸ்’. நடுவில் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்கு ஒரு படம் நடித்துக் கொடுத்து, அதற்கு ஈடாக 1977-ல் தன் முதல் படத்தை இயக்கும் வாய்ப்பை வாங்கினார். அதே கோர்மன் இங்கே நாசாவின் செலவைப் பற்றிக் கேள்வி கேட்கும் காங்கிரஸ் உறுப்பினராகத் தலைகாட்டுகிறார். விண்கலத் தளபதி ஜிம் லவலின் அம்மாவாக ஹோவர்டின் அம்மா, பாதிரியாராக அப்பா, கட்டுப்பாட்டு அறைக் கன்சோல் முன் பொறியாளர் லீபர்காட்டாகத் தம்பி கிளின்ட். குடும்பக் கோட்டாதான், ஆனால் மூவரும் கச்சிதம்.

எடையற்ற காட்சிகளை நாசாவின் கேசி-135 விமானத்துக்குள் செட் போட்டு எடுத்தார்கள். விமானம் மேலேறி வளைந்து கீழே பாயும்போது, ஒரு பாய்ச்சலுக்குச் சுமார் 25 விநாடிதான் மிதக்க முடியும். அதனால் முழு உடல் மிதக்கும் ஷாட்கள் எல்லாமே குட்டை. க்ளோசப் பலவும் தரையில் எடுத்தவை, நடிகர்களை மெல்ல ஆட்டிவிட்டு. 4கேயில் உற்றுப் பார்த்தாலும் ஒட்டு தெரியவில்லை. வெடிப்புக்குப் பிறகு கேமரா, கருவிகள் காட்டும் எண்களைவிட முகங்களைத்தான் அதிகம் தேடுகிறது. எதிராளி பேசும்போது கேட்பவன் முகத்தில் என்ன ஓடவேண்டும் என்பது, கேமரா முன்னாலேயே வளர்ந்தவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

படத்தரம்: 2010 ப்ளூ-ரேயில் செயற்கைக் கூர்மை ஏற்றி, உருவங்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. 2015-ன் 20-ஆம் ஆண்டுப் பதிப்பு அதைச் சரிசெய்தது. 4கேயில் ஃபிலிம் துகள் இயல்பாக நிற்கிறது, கன்சோல் விளக்குகள் எச்டிஆரில் (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) நன்றாக எரிகின்றன. கிராஃபிக்ஸ் ஷாட்கள் கொஞ்சம் மங்கல். அவை அந்தக் காலத்துக் குறைந்த ரெசல்யூஷனில் முடிக்கப்பட்டவை. டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒலி டிடிஎஸ்:எக்ஸ், அதாவது சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலி வரும் டிடிஎஸ் வடிவம். ராக்கெட் கிளம்பும்போது சப்வூஃபர் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தை நினைத்துக்கொள்ளவும். சிக்கல் வேறிடத்தில்: அண்மைக் கால டிவிகள் பலவற்றில் டிடிஎஸ் ஆதரவே கிடையாது. பிளேயரை நேராக டிவியில் செருகிச் சத்தம் வராவிட்டால், பிளேயரின் ஆடியோ அவுட்புட்டை பிட்ஸ்ட்ரீமிலிருந்து (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) பிசிஎம்முக்கு (பிளேயரே பிரித்து அனுப்புவது) மாற்றுங்கள். ஸ்பீக்கர்களை இயக்கும் ஆடியோ ரிசீவர் இருந்தால் பிளேயரை முதலில் அதில் செருகி, பிட்ஸ்ட்ரீமிலேயே விடுங்கள்.

4கே டிஸ்க்குக்கு ரீஜன் தடை (ஒரு நாட்டு டிஸ்க் வேறு நாட்டுப் பிளேயரில் ஓடாத பூட்டு) இல்லை, அமெரிக்கப் பதிப்பு இங்கேயும் ஓடும். சாதாரண ப்ளூ-ரே பிளேயரிலும் பிஎஸ்4-லும் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 போதும். தமிழ் சப்டைட்டில் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் கலைச்சொற்கள் மழையாகப் பொழிவதால் ஆங்கில சப்டைட்டிலையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கூடுதல் அம்சங்களில், படத்தோடு ஓடும் இரண்டு பேச்சு வர்ணனைகள்: ஒன்று ஹோவர்டு, இன்னொன்று ஜிம், மேரிலின் லவல் தம்பதி. முதல் தடவைக்குத் தம்பதியுடையதைப் போடுங்கள். எது நடந்தது, எது சினிமா என்பதை அங்கே கேட்கலாம். 2002-ல் ஐமேக்ஸுக்காகச் சுருக்கிய வடிவம் இதில் இல்லை, அதற்கு 2005 டிவிடிதான் கதி.

2015 ப்ளூ-ரே கையில் இருந்து, டிவியும் 50 அங்குலத்துக்குள் என்றால் இந்தச் செலவு வேண்டாம். 2010 டிஸ்க் வைத்திருப்பவர்கள் தாராளமாக மாற்றலாம்.