அலுமினியத் தட்டில் அம்மாவின் கத்தரிக்காய்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. திருவிழாவுக்குப் பிறகு வருகிற வைரவர் மடை முடிந்த மறுநாள் விடியவே தம்பி பாசையூருக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுவான். ஜேர்மனியிலிருந்து அவன் பிள்ளைகளோடு வந்து நிற்கிற அந்த மிச்ச நாட்களில் நாலு தடவையாவது பின்வளவில் தணல் போடுவோம். நாலு புளொக் கல், மேலே கம்பி வலை, கீழே சிரட்டைக்கரி. அவ்வளவுதான் அடுப்பு. ஒருமுறை பாவித்துவிட்டு எறிகிற அலுமினியத் தட்டை இந்த அடுப்புக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். அங்கே கோடைகாலத்தில் எல்லாரும் இதில்தான் இறைச்சி வாட்டுவார்களாம். அடியில் உள்ள மேடுகளில் கோடு கோடாகக் கீறல் விட்ட தட்டுகளைச் சுப்பர்மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்களாம்.

“அக்கா, இதுக்குள்ள வைச்சால் கொழுப்பு நெருப்பில விழாது. கரிப்புகையும் பிடிக்காது” என்றான். அது உண்மைதான். கோழித்தோலின் கொழுப்பு தணலில் சொட்டினால் குப்பென்று எரிந்து எழும்புகிற புகையில் உடம்புக்குக் கூடாத சாமான்கள் உண்டாகி இறைச்சியிலேயே படியும். பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அவன் கொண்டுவந்தது முடிந்த பிறகு நான் டவுனில் தேடினேன். ‘பொயில் ரே’ என்று கேட்டால் இப்போது பல கடைகளில் எடுத்துத் தருகிறார்கள். முதலில் வாங்கியது பத்துத் தட்டு சேர்ந்த மலிவான கட்டு. விரலால் அமர்த்தினால் பள்ளம் விழுகிற மெல்லிசு. அதில் ஒன்றரைக் கிலோ இறாலை மிளகாய்த்தூளும் உள்ளியும் பிரட்டி வைத்து, வெந்து வருகிற நேரத்தில் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன். நடுவில் மடிந்துவிட்டது. சாறு முழுக்கத் தணலில் ஊற்றி, சாம்பல் கிளம்பி, பாதி இறால் கரிக்குள் கிடந்தது. காலமை சந்தையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிய இறால். இன்றைக்கு நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அதே கட்டில் இன்னொரு தட்டில் கோழிக்குப் புளியும் உப்பும் தேசிப்புளியும் சேர்த்துப் பிரட்டி இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். விடியப் பார்த்தால் தட்டின் அடியில் ஊசி குத்தினமாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள், சுற்றிச் சாம்பல் நிறத்தில் கறை, பெட்டியின் கீழ் அடுக்கில் இருந்த கத்தரிக்காய்க்கு மேலே கோழிச்சாறு. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்னும். தின்றது எங்கே போகும்? சாப்பாட்டுக்குள்தான். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கிற நிபுணர் குழு 2011இல் சொன்ன கணக்குப்படி, ஒரு கிழமைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அலுமினியம்வரை போகலாம். எப்போதாவது ஒருநாள் சாப்பிடுகிறவர்கள் இதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் புளி போட்ட இறைச்சியை இரவிரவாக அதில் ஊற வைக்கிற பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன். ஊற வைப்பது சில்வர்ச் சட்டியில். தட்டுக்குப் போவது அடுப்புக்கு ஏற்றும் நேரம்தான். தேசிக்காய் பிழிவது இறக்கிக் கோப்பைக்கு மாற்றிய பிறகு. புளி இல்லாமல் முடியாது என்கிற கறி என்றால், தட்டுக்குள் வாழையிலையை வாட்டி விரித்து அதற்கு மேல் வைக்கிறேன். அலுமினியத்தில் புளி படாது, வாழையிலை வாசமும் ஏறும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, செய்து பார்த்தது.

இன்னொரு பிழையும் விட்டேன். தாச்சியைச் சூடாக்குகிறமாதிரி வெறும் தட்டைத் தணலுக்கு மேல் வைத்துவிட்டு எண்ணெய் எடுக்கக் குசினிக்குப் போனேன். திரும்பி வர, அடியில் உள்ளங்கை அளவு ஓட்டை. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஊதுகிறபோது சிரட்டைத் தணல் அந்தச் சூட்டைத் தாண்டிப் போகும். உள்ளே சாறோ தண்ணீரோ இருக்கும்வரை தட்டுக்கு ஒன்றும் ஆகாது, சூட்டை அது இழுத்துக்கொள்ளும். வெறுமையாக வைத்தால்தான் ஆபத்து.

போன வருடம் தடிப்பான தட்டுக்கு மாறினேன். மெல்லிசு பத்து வாங்குகிற காசுக்கு இது ஆறுதான் வரும். ஆனாலும் இதைத்தான் வாங்கச் சொல்லுவேன். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு மூலையை மட்டும் ஒரு கையால் பிடித்துத் தூக்குங்கள், மற்றப் பக்கம் தொய்யக்கூடாது. விளிம்பு உருட்டி மடித்து உருண்டையாக இருக்க வேண்டும், அடியில் வரம்பு வரம்பாக மேடு இருக்க வேண்டும். வீட்டில் மெல்லிசுதான் இருக்கிறது என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைச் செருகிப் பாவியுங்கள். எதுவாக இருந்தாலும் நிறைந்த தட்டை வெறும் கையால் தூக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரிய சில்வர்த் தட்டத்தைப் பிடித்து, அதற்கு மேல் இழுத்து எடுங்கள்.

இந்தத் தட்டு இறாலுக்கும் கணவாய்க்கும் என்றே செய்ததுபோல இருக்கிறது. கம்பி வலையில் போட்டால் இடுக்கால் விழுந்து போகிற சாமான்கள் அவை. இறாலைப் பரப்பினால் முதலில் சாறு விட்டு அவியும், பொறுத்திருக்க வேண்டும். சாறு வற்றிச் சடசடவென்று சத்தம் மாறுகிற இடத்தில் எண்ணெய் மேலே மிதந்து, விளிம்பில் மிளகாய்த்தூள் கருஞ்சிவப்பாக ஒட்டத் தொடங்கும். அந்த நேரம் கிளறி, கறிவேப்பிலை போட்டு இறக்கிவிட வேண்டும். புகை மணமும் வேண்டுமென்றால் அடியில் ஆணியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டுக்கொள்ளலாம், ஜேர்மன் தட்டின் கீறல் செய்கிற வேலையை அது செய்யும். சாறு கொஞ்சம் கீழே போகும், பரவாயில்லை.

மீனுக்கு மட்டும் வேண்டாம். பாரையோ விளைமீனோ, தோல் கம்பியில் பட்டுக் கருகினால்தான் ருசி. தட்டில் வைத்த மீன் அவித்த மீனாகத்தான் வரும்.

கோழிக்கு இரண்டும் தேவை. கால்துண்டுகளைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, தணலை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு அரை மணித்தியாலம் விடுவேன். எலும்போடு ஒட்டிய இறைச்சி நன்றாக வெந்துவிடும். பிறகு கம்பியில் போட்டுப் பத்து நிமிடம் வாட்டினால் மேல் மொறுமொறுப்பாகும். முன்பு வெளியே கருகி உள்ளே இரத்தமாக இருந்த கோழியைச் சாப்பிட முடியாமல் வைத்த நாட்கள் உண்டு. இப்போது அந்தக் கவலை இல்லை. ஒன்று கவனம்: பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததைத் திருப்பி வைக்க வேண்டாம். வெறும் தட்டுகளைச் சோளகம் அடுத்த வளவுக்கே கொண்டுபோய்விடும், மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். பாவித்து முடிந்ததைக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம், அது எரியாது. சாம்பல் போட்டுக் கழுவி நசுக்கிச் சாக்கில் சேர்த்தால் பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடுத்துக்கொண்டு போவார்.

இவ்வளவையும்விட நான் இந்தத் தட்டை விரும்புவதற்குக் காரணம் அம்மா. அப்பா போன பிறகு அம்மா முழுச் சைவம். முந்தி நாங்கள் தணல் போடுகிற நாட்களில் அம்மா முன்விறாந்தையில் தனியே இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவா. மீன் பட்ட கம்பியில் வெந்ததை எப்படி அவவுக்குக் கொடுப்பது? இப்போது தணல் பிடித்ததும், கம்பியில் மீன் ஏறுவதற்கு முன்னால், அம்மாவின் தட்டுத்தான் முதலில் ஏறும். கட்டிலிருந்து அவவுக்கு முன்னாலேயே உருவி எடுப்பேன்.

“புதுசுதானே பிள்ளை?”

“புதுசுதான் அம்மா, பாருங்கோ.”

கத்தரிக்காயை நீளவாக்கில் பிளந்து, நல்லெண்ணெய் தடவி, துளை போட்ட தட்டில் அடுக்கி, இன்னொரு புதுத் தட்டால் மூடி இருபது நிமிடம். தோல் சுருங்கிச் சதை குழைந்ததும் சில்வர்க் கோப்பையில் வழித்து எடுத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேங்காய்க் கட்டிப்பால், கடைசியில் தேசிப்புளி. போன ஆவணியில் அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து தணலடியில் எங்களோடேயே இருந்தா. பேரப்பிள்ளைகள் கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே அவவின் கோப்பையில் பாணைத் தோய்க்க வர, “முதல்ல கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ” என்று கிணற்றடிக்குக் கலைத்துவிட்டா.