மறியல் மாதங்களில் தாக்குப்பிடிக்கும் தானியங்கி கேமரா எது?

நீலகிரியில் தேர்தலோ நிலப் போராட்டமோ சூடுபிடித்தால் வனத்துறை ஜீப் பந்தோபஸ்துக்குப் போய்விடும், கூடலூர் சாலையில் மறியல் நடக்கும். இரண்டு வாரத்துக்கொரு முறை பேட்டரி மாற்றும் திட்டமெல்லாம் அப்போது எடுபடாது. விலங்குகளைப் படமெடுக்கக் காட்டு மரங்களில் கட்டும் கேமரா, தானாகவே இரண்டு மாதம் ஓடியாக வேண்டும். அதற்குச் சிம் இல்லாத, 12 ஏஏ பேட்டரி கொள்ளும் வகையைத்தான் பரிந்துரைப்போம்.

சிம் வகை படத்தை உடனே கைபேசிக்கு அனுப்பும். வேட்டைக்காரர் நுழையும் தடத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் சீகூர்ப் பக்கத்தில் சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

சாதா அல்கலைன் பேட்டரி தீரத் தீர மின்னழுத்தம் இறங்கும். பகல் படம் தெளிவாக வரும், இரவுப் படம் கறுத்துப்போகும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்பதால், முழுச் சார்ஜிலும் சில மாடல்கள் 'தீர்ந்தது' என்று காட்டும். லித்தியம் கடைசிவரை 1.5 வோல்ட் அளவில் நிற்கும், அவலாஞ்சியின் உறைபனிக்கும் அசராது. விலை அதிகம், ரீசார்ஜும் ஆகாது. தீரும்போது முன்னறிவிப்பின்றித் தீரும், ஆகவே பேட்டரி அளவுக் குறியை நம்பாதீர்கள். வீடியோவை அணைத்து, விலங்கு கடந்து கேமராவைத் தூண்டும் ஒவ்வொரு முறைக்கும் மூன்று படம் என்று வையுங்கள். மாடு போகும் தடமென்றால் ஒரு நிமிட இடைவெளி கொடுங்கள், இல்லாவிட்டால் கார்டு முழுக்க மாடுதான்.

பேட்டரிக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் புலிக் கணக்கெடுப்பு. 2 சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி கேமரா, முழங்கால் உயரத்தில், குறைந்தது 25 நாள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறுவேறு. ஜோடியில் ஒன்று நின்றால் எந்த இடப்பக்கப் படம் எந்த வலப்பக்கப் படத்துக்குரியது என்று சேர்க்க முடியாது. பாதியில் நின்ற கணக்கெடுப்பை, போராட்டம் ஓய்ந்தபின் ஒட்டவும் முடியாது. இடையில் புலிகள் இறந்திருக்கும், வந்திருக்கும், போயிருக்கும்.

தேவாலா மழைக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், கதவின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டாமல் துடையுங்கள். எறும்பு கூடு கட்டுவதாலும் பழுது வரும். பேட்டரி மாற்றும்போது மலிவு மாடல்களில் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். தேதி எழுதிய பலகையை முதல் படமாக எடுத்துவைத்தால் பின்னால் திருத்தலாம்.

கேமராவில் போடும் எந்தப் பூட்டும் ஊராரின் கோபத்துக்குத் தாங்காது. சீகூர்ப் பகுதியில் யானைகள் கடந்துபோகும் நிலத்தை யானை வழித்தடமாக்கும் அரசு அறிவிக்கை வந்தது 2010-இல், உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2020-இல். 2024-இல் யானை வழித்தடங்கள் பற்றிய மாநில வரைவறிக்கை வந்தபோது கூடலூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த நேரத்தில் மரத்தில் கட்டிய பெட்டி, நிலத்தைப் பறிக்க வந்த கண்ணாகத் தெரிவதில் வியப்பில்லை. விறகுக்குப் போகும் பெண்கள் படத்தில் விழும் தடங்களிலிருந்து கேமராவை முதலில் கழற்றுங்கள். மற்ற இடங்களில் யார் வைத்தது, எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள், மனிதர் படங்களை அழிப்பதாக ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் சொல்லி அதன்படியே செய்யுங்கள்.

தேர்தல் அறிவிக்குமுன்பே பேட்டரியை வாங்கி மசினகுடியில் இருப்பு வையுங்கள். நடத்தை விதி வந்தபின், ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துச் சென்றால் பறக்கும் படை பிடிக்கும். உடன்வரும் பழங்குடிக் காவலர்களின் நாட்கூலியை வங்கிக் கணக்கில் போடுங்கள்.