டிஎன்சி-2 கடிகாரத்தைத் திருத்திப் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்காவின் டூசான் நகர அமெச்சூர் வானொலிக் குழுவான டேப்பர் 1985-ல் கொண்டுவந்த டிஎன்சி-2 (வானொலி வழியே தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பவும் பெறவும் உதவும் பெட்டி) வடிவமைப்பின் நகல் ஒன்று என்னிடம் பல வருடங்களாக ஓடுகிறது. மோடம், இசட்80 செயலி இரண்டையும் இன்றும் குறை சொல்ல முடியாது. தகராறு எல்லாம் கடிகாரத்தில்தான். பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்வது என் வழக்கம். அது நம் வானத்தைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஆகும். வரும் பாக்கெட்டுகளுக்கு நேரம் குறிக்கும் 'எம்ஸ்டாம்ப்' கட்டளை இடும் நேரமுத்திரை இரண்டு நிமிடம் தள்ளிப்போனாலே, எந்தக் கோணத்தில் இருந்தபோது கேட்டது என்ற கணக்கு பாழ்.

இந்தப் பெட்டிக்குள் தனியாகக் கடிகாரச் சில்லு கிடையாது. கிரிஸ்டலின் துடிப்பை வைத்து மென்பொருளே நேரத்தை எண்ணிக்கொள்கிறது. அந்த 4.9152 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 9600 பாடு (தரவு அனுப்பும் வேகத்தின் அலகு) என்ற வேகத்துக்கு மிச்சமில்லாமல் வகுபடும் என்பதால் போட்டது. பாடு வேகத்துக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பிழை ஒரு பொருட்டே இல்லை. கடிகாரத்தில் அதுவே நாளுக்கு 8.64 விநாடி.

சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன், கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்று பாருங்கள். முந்தினால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அதற்கென்றே 'கிளாக் அட்ஜ்' கட்டளை இருக்கிறது. கையேட்டின்படி வேகம், சதவீதத்தில், 100 - (9.16667 / n); n என்பது கட்டளையோடு நாம் கொடுக்கும் எண். இதை நாள் கணக்குக்கு மாற்றினால் 7920-ஐ n-ஆல் வகுத்த அளவு விநாடிகள் குறையும். பத்து விநாடி முந்துகிறதா, 792 கொடுங்கள், போதும். ஆனால் இந்தக் கட்டளைக்கு வேகத்தைக் குறைக்க மட்டும்தான் தெரியும். என் பெட்டியோ பிந்தும் ரகம்.

ஆகவே கிரிஸ்டல் பக்கத்து மின்தேக்கிகளில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு ட்ரிம்மரை (திருகிக் கொள்ளளவை மாற்றக்கூடிய மின்தேக்கி) வைத்தேன். கொள்ளளவு குறைந்தால் அதிர்வெண் ஏறும், கடிகாரமும் வேகம் பிடிக்கும். அதிர்வெண் அளக்கும் ஃப்ரீக்வென்சி கவுண்டரை நேராகக் கிரிஸ்டல் காலில் வைக்காதீர்கள். ப்ரோபின் கொள்ளளவே அதிர்வெண்ணை இழுத்துவிடும். கிரிஸ்டல் சுற்றைத் தனித்து வைக்கும் பஃபர் கேட்டைத் தாண்டிய இடத்தில் அளக்க வேண்டும். ட்ரிம்மரில் மிகச்சரியான புள்ளியைத் தேடி மல்லுக்கட்டவும் வேண்டாம். கடிகாரம் கொஞ்சம் முந்தும்படி நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கட்டளையிடம் விட்டால் வேலை சுலபம். இந்த ஜோடி வைத்தியம்தான் எனக்கு நிலைத்தது. கோடையில் அறை கொதிக்கும்போது கொஞ்சம் நகரும்; கட்டளையின் n எண்ணை மாற்றினால் சரியாகிவிடும், ட்ரிம்மரைத் தொட்டதில்லை.

டாலஸ் டிஎஸ்1216 ஸ்மார்ட்வாட்ச் சாக்கெட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ராம் நினைவகச் சில்லுக்கு அடியில் உட்கார்ந்து, உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரியால் நேரத்தைக் காக்கும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் பதித்த மென்பொருள்) வேண்டும், ராம் உயர்வதால் மூடி இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துல்லியத்துக்காக வாங்குவதென்றால் வீண்: 25 டிகிரியில் மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை முன்பின் ஆகலாம் என்று தரவுத்தாளே சொல்கிறது. நன்றாக ட்ரிம் செய்த கிரிஸ்டல் அதற்குச் சளைத்ததில்லை.

சரி, கரண்ட் போனால்? என் முறையில் நேரம் அழிந்துவிடும், அதற்கு ட்ரிம்மரால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியோடு இணைந்த கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் 'டேடைம்' கட்டளையை யுடிசி (உலகப் பொது) நேரத்தோடு அனுப்பும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். கணினி இல்லாமல் தனியாக ஓட்டுபவர்களுக்குத்தான் அந்த பேட்டரி சாக்கெட்.